பன்றியில்லாத அந்தோணியார்

அன்புள்ள அந்தோணிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உறை ஒட்டிய இடத்தில் கொஞ்சம் சுருக்கம் இருந்தது. யாராவது பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருப்பார்களோ என்று சன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகுதான் பிரித்தேன். அப்பா மாறவே இல்லை என்று நீ அலோர் ஸ்டாரில் உட்கார்ந்து சிரிப்பாய், சிரித்துக்கொள். ஆனால் உன் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தைப் படித்து முடித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்தது உன் கையெழுத்து, புத்தி மட்டும் என்னுடையது.

முதல் பக்கத்தில் எல்லாம் சந்தோஷமான விஷயம். ரெஜினாவின் வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள், ஜூன் பதிமூன்றாம் தேதி கல்யாணம், "என் பெயர் கொண்ட புனிதரின் திருநாளிலேயே அமைந்துவிட்டது அப்பா" என்று எழுதியிருக்கிறாய். சாட்சிக் கையெழுத்து போட ஞானத்தகப்பன் நிற்பது நம் வழக்கம், ஆனால் சூசை மாமாவை உங்களுக்குப் பிடிக்காது, அதனால் சித்தப்பாவைக் கேட்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டாவது பக்கத்தில்தான் விஷயம். ரெஜினா அலோர் ஸ்டாருக்கு வருவதற்கு முன் நாலு வருடம் இங்கே குருண் ஊர் ஆலையில் வேலை செய்தாள், நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள், அந்தக் காலத்தில் அவளுக்கு யாரோடாவது பழக்கம் இருந்ததா, சத்தமில்லாமல் விசாரித்து, கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசிப்பதற்குள் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். இப்படிப்பட்ட வேலைக்கு என்னைவிடப் பொருத்தமானவன் இந்தக் கெடா மாநிலத்திலேயே கிடையாது.

மூன்றுக்கும் பதில் எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படி.

முதலில் தேதி. ஜூன் பதிமூன்று உன் பெயர்த் திருநாள் அல்ல. அது பதுவை அந்தோணியாருடையது. கையில் குழந்தை யேசுவும் லீலி மலரும் வைத்துக்கொண்டு, மீசைகூட முளைக்காத முகத்தோடு நிற்பாரே, அவர். பொருள் தொலைந்தால் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்று உன் அம்மா செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுதிரி ஏற்றுவாள். உனக்குப் பெயர் வைத்தது அவருக்காக அல்ல. நம் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் இருந்தவர் வனத்து அந்தோணியார். எகிப்து தேசத்துப் பாலைவனத்தில் கல்லறைக்குள் தனியாக இருந்து, பேய்களோடு மல்லுக்கட்டி, நூறு வயதைத் தாண்டி வாழ்ந்த கிழவர். நெஞ்சுவரை தாடி, கையில் மணி கட்டிய தடி, காலடியில் ஒரு பன்றி. அவர் திருநாள் ஜனவரி பதினேழு, பொங்கல் கழிந்த கையோடு வரும். இரண்டு பேருக்கும் இடையில் எண்ணூறு, தொள்ளாயிரம் வருட இடைவெளி. லயத்து வீட்டு ஜனங்கள் குழப்பமே வைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் பன்னி அந்தோணியார், இன்னொருவர் பிள்ளை அந்தோணியார். அவ்வளவுதான்.

அந்தச் சுரூபம் மரத்தில் செய்தது. முதல் முதலாகக் கப்பலில் வந்தவர்களில் யாரோ ஊரிலிருந்து சாக்கில் சுற்றிக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். ஏன் பன்றி என்று நான் பழைய பிரெஞ்சு சாமியாரைக் கேட்டிருக்கிறேன். பிசாசு பன்றி உருவத்தில் வந்து சோதித்தது என்று சிலர் சொல்வார்கள், ஆனால் எனக்குப் பிடித்தது வேறு கதை என்றார். அந்தோணியார் பெயரில் இருந்த துறவிகள் முற்காலத்தில் தோல் வியாதிக்காரர்களுக்குப் பன்றிக் கொழுப்பைத் தடவி வைத்தியம் பார்த்தார்களாம், அதனால் பன்றி அவரோடு ஒட்டிக்கொண்டதாம். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் என்னைப் போன்ற டிரஸருக்கு இதைவிட நல்ல சாமி எங்கே கிடைக்கும். அக்கி வந்தவர்கள் என்னிடம் மருந்து வாங்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போய்ப் பன்றியின் முதுகைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அதில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் உண்டு. குணமானது என் களிம்பாலா பன்றியாலா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

சந்தேகம் எனக்கு வேலையோடு வந்தது என்று சொல்லிக்கொள்வேன். விடிகாலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் எண்ணி முடிப்பதற்குள் டிஸ்பென்சரி வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். ஒருத்தி அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டு வருவாள், காய்ச்சல் காட்டும் என்று. ஒருவன் வாயில் சுடுகாப்பியை அடக்கி வைத்துக்கொண்டு தெர்மாமீட்டருக்கு வாய் திறப்பான். எம்.சி. என்ற லீவுச் சீட்டுக் கொடுத்தால் துரை கேள்வி கேட்பார், கொடுக்காவிட்டால் ஜனங்கள் சபிப்பார்கள். முகத்தைப் பார்த்தே பொய் எது நிஜம் எது என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. ஒருமுறை மாரியாயி என்ற, ரப்பர் பால்மரம் வெட்டும் பெண்ணை நடிக்கிறாள் என்று இரண்டு நாள் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டைபாய்டு. பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா, அவளை முதல் இரண்டு நாள் பார்த்தபோது உண்மையிலேயே காய்ச்சல் இல்லை என்று புத்தகத்தைக் காட்டி எல்லோரிடமும் நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

சூசைக்கு வருகிறேன். அவன் தோட்டத்து லாரி டிரைவர், என்னைவிட ஆறு வயது சின்னவன், கோயில் கமிட்டியில் எனக்கு வலது கை. நமக்கு ஐந்து வருடம் பிள்ளை இல்லாமல் இருந்தபோது, "அக்கா, தாடிக்காரர்கிட்ட நேர்ந்துக்குங்க, பையன் பொறந்தா அவர் பேரு, நான்தான் தூக்கிட்டுப் போயி தண்ணி ஊத்த வைப்பேன்" என்று உன் அம்மாவிடம் சொன்னவன் அவன்தான். சொன்னபடி உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றான். கோயிலுக்கு இரண்டு சாவி. ஒன்று அவனிடம், ஒன்று நம் வீட்டு அடுப்பங்கரைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில்.

நீ ஆறாம் வகுப்பு முடித்த சமயம், டவுனிலிருந்து ஒரு இளம் சாமியார் வர ஆரம்பித்தார். நல்லவர்தான், ஆனால் எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. புதிய சுரூபம் ஒன்று வரப்போகிறது, பதுவை அந்தோணியார், இனிமேல் ஜூன் மாதத்திலேயே திருநாள் வைத்துக்கொள்ளலாமே, ஜனவரியில் பொங்கலும் திருநாளும் நெருக்கியடிக்கிறதே என்றார். இரண்டு பேரும் அந்தோணியார்தானே என்று சிரித்தார். சுரூபத்தைக் கொடுப்பவர் டவுனில் கடை வைத்திருப்பவர், பீடத்தில் தன் பெயரைப் பொறிக்கச் சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது போதும். கமிட்டி இரண்டாகப் பிளந்தது. நான் ஜனவரிக் கட்சி. சூசை ஒரு கூட்டத்தில், "ரெண்டையும் வெச்சுக்கலாம் லா டிரஸரே, எடமா இல்ல?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவனையும் நான் ஜூன் கட்சியில் எழுதிவைத்துவிட்டேன்.

அந்த வருடத் திருநாளுக்கு முதல் நாள் காலை, சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றுவதற்காகக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். பன்றியைக் காணோம். உடைந்து விழவில்லை. பீடத்தோடு ஒட்டியிருந்த நாலு காலையும் யாரோ நிதானமாக அறுத்து எடுத்திருந்தார்கள். கதவுப் பூட்டு உடையவில்லை. நான் பூதக்கண்ணாடி கொண்டுவந்து அறுத்த இடத்தைப் பார்த்தேன். பொடிப் பல் ரம்பம். இரும்பு அறுக்கிற ரம்பம், லாரிக் கொட்டகையில் இருப்பது என்று அங்கேயே முடிவு கட்டினேன். சாவியும் அவனிடம், ரம்பமும் அவனிடம். கண்ணாடிக் கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற சூசை ஒன்றும் பேசவில்லை. பேசாமல் நின்றதையும் குற்றத்தில் சேர்த்துக்கொண்டேன்.

வனத்து அந்தோணியார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தால் ஆண்டு திரும்புமுன் சாவு வரும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. ஆடு காணாமல் போனாலும் அங்கேதான், புருஷன் பெண்டாட்டி சண்டையிலும் அங்கேதான், பாதத்தைத் தொட்டுச் சொல்லச் சொல்வார்கள். திருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, செபம் முடிந்ததும் நான் எழுந்து சூசையைக் கூப்பிட்டேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். நீயும் இருந்தாய். முந்தின நாள் பூராவும் யோசித்து அந்தச் சத்தியத்தை நான் தயாரித்திருந்தேன். வெறுமனே நான் அறுக்கவில்லை என்று சொல்லவிட்டால், வேறு ஆளை ஏவி அறுத்திருந்தால் தப்பித்துக்கொள்வான் அல்லவா. அதனால் இரண்டு பாதியாக வைத்தேன்.

"தொட்டுச் சொல்லு சூசை. நான் அறுக்கல. அறுத்தது யாருன்னும் எனக்குத் தெரியாது. ரெண்டையும் சேத்துச் சொல்லு."

அவன் பாதத்தில் கை வைத்தான். "நான் அறுக்கல டிரஸரே."

"மீதி?"

அவன் கையை எடுத்துவிட்டான். "மீதிய விட்டுடுங்க."

"ஏன் விடணும்?"

"வேணாம் லா டிரஸரே. விட்டுடுங்க."

பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த உன் அம்மா எழுந்து நின்றாள். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. சூசை சட்டென்று அவள் பக்கம் திரும்பி, "அக்கா, தம்பி வெயில்ல வந்திருக்கான், தண்ணி குடுங்க" என்றான். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் அதைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கிறவன் இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, இவன் பேச்சை மாற்றுகிறான் என்று மட்டும் புரிந்துகொண்டேன். அறுத்தவனைக் காட்டிக்கொடுக்காதவனும் அறுத்தவன்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, அவன் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டேன்.

அவனை யாரும் தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் குழாயடியில் சிசிலிக்கு, அதாவது அவன் மனைவிக்கு, யாரும் இடம் விடவில்லை. பன்னிக் கள்ளன் என்று பிள்ளைகள் லாரிக்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள். இரண்டு மாதத்தில் அவன் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு மெர்போக்கில் மாமனாரின் நாலு ஏக்கர் ரப்பருக்குப் போய்விட்டான். போகும்போது உனக்கு ஒரு பேனா கொடுக்க வந்தான். நான் வாங்கவிடவில்லை. "மாமா ஏன் அப்பா அப்படிப் பண்ணாரு?" என்று நீ அழுதாய். "அதுக்குத்தான் யாரையும் நம்பக்கூடாதுன்னு சொல்றது" என்றேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய வார்த்தையா அது. உன் கடிதத்தின் இரண்டாவது பக்கம் அன்றைக்கே எழுதத் தொடங்கியதுதான்.

அடுத்த ஜனவரியில் பன்றியில்லாமலே சப்பரம் போயிற்று. மலாய்க்காரர்களின் கம்போங் ஓரமாகத் திரும்புகிற இடத்தில் மக் சுவின் வீடு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உன்னை உன் அம்மா வயிற்றிலிருந்து வாங்கியவள் அந்த மலாய்க்காரக் கிழவிதான். எஸ்டேட் பெண்களோடு பழகிப் பழகி அரைகுறைத் தமிழ் பேசுவாள். வருடா வருடம் சப்பரம் தூக்குகிறவர்களுக்கு வாசலில் வைத்து சிராப் சர்பத் கலக்கிக் கொடுப்பாள், பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அன்றைக்கும் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே சுரூபத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டோக்கோட பாபி எங்கே? சுடா மாத்தி கா?" என்று உன் அம்மாவைக் கேட்டாள். தாத்தாவின் பன்றி எங்கே, செத்துப்போய்விட்டதா என்று. பேரப்பிள்ளைகள் காலையிலிருந்து அதைப் பார்க்கத்தான் காத்திருந்தார்களாம். எல்லோரும் சிரித்தோம். உன் அம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நான் தலைவலி மாத்திரை கொடுத்தேன்.

போன வருடம் உன் அம்மா போனபோது நீ வந்திருந்தாய், எல்லாம் பார்த்தாய். அவள் பெட்டியை நான் பல மாதம் திறக்கவில்லை. போன மாதம்தான் திறந்தேன். அடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் உன் ஞானஸ்நான வெள்ளைச் சட்டை. சட்டைக்குள் பன்றி. நாலு காலும் அறுந்து, முதுகு ஜனங்கள் தொட்டுத் தொட்டு வழவழவென்று, அப்படியே இருந்தது.

அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது என்று உனக்கு மறைக்கப்போவதில்லை. உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். சூசைதான் அறுத்து அவளிடம் கொடுத்திருக்கிறான், இத்தனை வருடம் அவள் அவனுக்காக ஒளித்து வைத்திருக்கிறாள் என்று முதலில் தோன்றியது. ஏன் அவனுக்காக ஒளித்து வைக்க வேண்டும் என்று அடுத்ததாகத் தோன்றியது. அதற்கு அடுத்ததாகத் தோன்றியதை உன் அம்மாவின் பிள்ளைக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. மண்ணுக்குள் இருக்கிறவளைப் பற்றி அப்படி நினைத்தேன். முப்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள். மறுநாள் காலை டின்னைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை மகனே, விசாரிக்கப் போனேன்.

சூசை தலை நரைத்து இளைத்துப்போயிருக்கிறான். என்னைப் பார்த்ததும் ரப்பர் ஷீட் காயப்போடுவதை விட்டுவிட்டு, "வாங்க டிரஸரே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அம்மா இறந்த செய்தி அவனுக்குத் தாமதமாகத் தெரிந்ததாம், கல்லறைக்கு மட்டும் வந்துவிட்டுப் போனானாம். நான் டின்னைத் திறந்து பன்றியை அவன் முன்னால் வைத்தேன். அவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னும் வெச்சிருந்தாங்களா?"

"நீதான குடுத்த?"

"நானா?" என்று அவன் சிசிலியைத் திரும்பிப் பார்த்தான். அவள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "சொல்லிடுங்க. அவங்கதான் போய்ட்டாங்களே" என்றாள்.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், நான் மருந்து வாங்கச் சுங்கை பட்டாணிக்குப் போயிருந்த மத்தியானம், சப்பரத்துக்குக் காகிதம் ஒட்டுவதற்காக சூசை கோயிலுக்குப் போயிருக்கிறான். கதவு திறந்திருக்கிறது. உள்ளே உன் அம்மா, தரையில் உட்கார்ந்து, சுரூபத்தை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தாளாம். "நீங்க மாவுக்கட்டு அறுப்பீங்களே, அந்தச் சின்ன ரம்பம்" என்றான். என் டிஸ்பென்சரி ரம்பம். என் வீட்டு ஆணியில் தொங்கிய சாவி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவனுக்கு இரண்டும் கண்ணில் படவில்லை.

"எதுக்கு அறுத்தா?"

"மக் சுவுக்காக. கம்போங்ல புதுசா வந்தவங்க ஏதோ மூஞ்சியக் காட்டினாங்கன்னு அக்கா காதுல விழுந்திருக்கு. அது பாட்டுக்கு வாசல்ல நின்னு நமக்கு சிராப் குடுக்குது, அவங்க மார்க்கத்துக்கு ஆகாத பன்னியக் கொண்டுபோயி அது மொகத்துக்கு நேரா நிறுத்துறோம், அதுக்கு நம்மளால ஒரு பேச்சு வந்துடக் கூடாதுன்னாங்க. உங்ககிட்ட கேட்டா கட்சி கட்டுவீங்கன்னு பயம்."

மக் சு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்குச் சங்கடமா என்று உன் அம்மா கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் கிழவி வாய்விட்டுச் சிரித்திருப்பாள். ஆனால் உன் அம்மா அறுத்தது பயத்தால் மட்டும் அல்ல, பிரியத்தாலும்தான். இவ்வளவு நடந்தும் நான் எழுந்து போகவில்லை. எனக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது, அதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

"பதிமூணு வருஷம். அவ ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லிடறேன்னுதான் நின்னாங்க. அன்னிக்கு கோயில்லயே எந்திரிச்சாங்க, நீங்க பாத்தீங்க. அப்புறம் ரெண்டு தடவ பஸ் ஏறி இங்க வந்து சிசிலிகிட்ட அழுதாங்க, எங்க பேரக் கெடுத்துட்டேன்னு, உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்னு. நான்தான் வேணாம்னேன்."

"நீ ஏன் வேணாம்ன?"

அவன் பன்றியைத் துணியில் சுற்றி டின்னில் வைத்து மூடி என் பக்கம் தள்ளினான். "டிரஸரே, என்னயச் சந்தேகப்பட்டீங்க, நான் மெர்போக் வந்துட்டேன். அவங்கள ஒரு தடவ சந்தேகப்பட ஆரம்பிச்சீங்கன்னா நிறுத்த மாட்டீங்க. அவங்க எங்க போவாங்க?"

சிசிலி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்தேன். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. கிளம்பும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்பது மட்டும் தெரியும். மன்னித்துக்கொள் என்று சொன்னேனா, அழுகையில் அது வந்ததா என்று தெரியவில்லை. அவன் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான்.

மகனே, நான் எல்லோரையும் சந்தேகப்பட்டவன். சாமியாரை, துரையை, காய்ச்சல்காரர்களை, தபால்காரனைக்கூட. ஆனால் என் பெண்டாட்டியை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன். அந்தப் பெருமை எனக்கு முழுசாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் ஒருவன் பதிமூன்று வருடம் கள்ளனாக இருந்திருக்கிறான். அவள் சாகும்வரை பன்றியைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் படுத்து எழுந்து, எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். ரெஜினாவைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. ஆனால் விசாரிக்கப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பட்ட பிறகும், உன் கடிதம் வந்த மறுநாள், வியாழக்கிழமை மத்தியானம், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலை வாசல் வரை போய்விட்டேன். ஷிப்ட் முடிந்து பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள், சிரித்துப் பேசிக்கொண்டு, ஒருத்தி இன்னொருத்தியின் தலையில் குடை பிடித்துக்கொண்டு. யாரைக் கேட்கலாம், எப்படி ஆரம்பிக்கலாம் என்று என் மூளை தானாகவே வேலை செய்ய ஆரம்பித்தது. அதில் ஒருத்தி என்னைப் பார்த்து, "யாரத் தேடுறீங்க அங்கிள்?" என்று கேட்டாள். யாரையும் இல்லை அம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அதுதான் நான் உனக்காகச் செய்த விசாரணை முழுவதும்.

அவள் தன்னைப் பற்றி உன்னிடம் என்ன சொல்கிறாளோ அது முதல் பாதி. அதைக் கேட்டுக்கொள். இரண்டாவது பாதியை ஒருத்தரைத் தொட்டுச் சொல்லச் சொல்லாதே. அந்தப் பாதிக்குள் வேறு யாரையோ அவள் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அது நீயாகக்கூட இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோயிலில் முதல் ஓலை வாசிக்கும்போது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். அந்த நேரத்தில் கோயிலில் உள்ள முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்காதே. அதை நான் செய்திருப்பேன் என்பதனால் சொல்கிறேன்.

தேதியை மாற்ற வேண்டாம். ஜூனிலேயே இருக்கட்டும். அந்தப் பிரெஞ்சு சாமியார் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. பதுவை அந்தோணியாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அது இல்லையாம். பெர்னாந்து என்று ஏதோ பெயர். அவர் போய்ச் சேர்ந்த சின்ன மடம் வனத்து அந்தோணியார் பெயரில் இருந்ததாம். அந்தத் தாடிக்காரக் கிழவர் மேல் உள்ள பிரியத்தில் தன் பெயரை விட்டுவிட்டு அவர் பெயரை வைத்துக்கொண்டாராம். இது தெரிந்திருந்தும் நான் ஜனவரிக் கட்சி, ஜூன் கட்சி என்று ஒரு தோட்டத்தையே இரண்டாக்கினேன். சூசை கேட்டது சரிதான். இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள இடம் இருந்தது.

உன் இரண்டாவது பக்கத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான் கிழிக்கவில்லை, நீயே கிழித்துப் போடு. சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். சாட்சிக் கையெழுத்துக்கு உன் ஞானத்தகப்பன் வருகிறான். நான் மெர்போக் போய்க் கேட்டதற்கு, "வரேன் டிரஸரே, ஆனா கோயில்ல என்னய எதையும் தொட்டுச் சொல்லச் சொல்லாதீங்க" என்றான். பழைய பேனாவை இன்னும் வைத்திருக்கிறானாம். கையெழுத்தை அதில்தான் போடுவேன் என்கிறான். எழுதுமா என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனால் நான் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி காலைப் பஸ்ஸில் நானும் அவனும் சேர்ந்து வருகிறோம். சன்னலோர இடம் அவனுக்கு.

உன்னையும் ரெஜினாவையும் பார்க்கக் காத்திருக்கும்,
அப்பா